டீச்சர் கேட்ட கம்பெனிப் பொருள்

இடதுபக்கம் திரும்பும்போது மட்டும் ஒரு சத்தம். கதவை யாரோ விரல் முட்டியால் தட்டுவதுபோல், டக் என்று ஒருமுறை, கொஞ்சம் விட்டு இன்னொரு முறை. டீச்சர் காரைப் பேட்டையில் இருக்கும் என் பட்டறைக்குள் திருப்பியபோதே அது என் காதில் விழுந்துவிட்டது. ஒரு புதன்கிழமை காலை அது. அவர் இறங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு, "தம்பி, நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு எனக்கு வண்டி வேணும்" என்றார். என்ன கோளாறு என்று அவர் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்தவரை அவர் என்னிடம் எப்போதுமே முதலில் நேரத்தைத்தான் சொல்வார். அவருடைய வாழ்க்கை முழுவதும் அப்போது நேரமாகத்தான் இருந்தது.

அவர் சேரன்மகாதேவியில் இருந்தார். மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். கணவரை நான் சார் என்றுதான் கூப்பிடுவேன். மின்வாரியத்தில் வேலை பார்த்தவர். அவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். ஒரே மகள் கடல் கடந்து இருந்தாள். வாடகைக் கார்க்காரர்கள் இரண்டு முறை சொன்ன நேரத்துக்கு வரவில்லை. அதில் ஒரு முறை சிகிச்சை ஒருநாள் தள்ளிப்போய், சாருக்கு மூச்சு முட்டிப் பிழைத்ததே பெரிது என்று ஆனது. அதற்குப் பிறகு டீச்சர் அறுபது வயதுக்கு மேல் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கினார். பின்சீட்டில் சார், அவர் கைக்குக் கீழே ஒரு தலையணை, முன்னால் டீச்சர். "என் ரத்தத்துக்கு வாரத்துக்கு மூணு தடவை ஆயில் மாத்துதாங்க வே, நீரு இந்தக் காருக்கு ஆறு மாசத்துக்கு ஒருக்காத்தான் மாத்துதீரு" என்று சார் என்னைக் கேலி செய்வார். டீச்சர் சிரிக்கமாட்டார்.

காரைத் தூக்கிப் பார்த்தேன். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் அந்தத் திருப்பத்தைச் சக்கரம்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது ஓர் இரும்புத் தண்டு. அதன் நுனியில் கோலிக்குண்டைப்போல ஓர் உருண்டை, ஒரு கிண்ணத்துக்குள் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். டை ராடு எண்டு என்று சொல்வோம். கைக்குள் அடங்கும் சாமான்தான். ஆனால் அந்த உருண்டை கிண்ணத்தைவிட்டு வெளியே வந்துவிட்டால் சக்கரம் ஒரு பக்கம் போகும், ஸ்டீயரிங் ஒரு பக்கம் சும்மா சுற்றும். டீச்சர் காரில் இரண்டு பக்கமும் தேய்ந்திருந்தன. இடதுபக்கம் ரொம்ப மோசம். மாற்றாமல் அனுப்ப முடியாது.

அந்தக் காரைச் செய்த கம்பெனி நம் நாட்டில் விற்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டது. கம்பெனிப் பொருள் வேண்டுமானால் சொல்லிவைத்து, பத்து நாள் காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் வெளியே வேறு கம்பெனிக்காரர்கள் செய்து விற்பது இருந்தது. அதில் ஒரு தயாரிப்பை நான் பல வருடமாகப் போட்டுவருகிறேன். பில் உண்டு, கெட்டுப்போனால் மாற்றித் தருவார்கள், இதுவரை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அதைத்தான் டீச்சரிடம் சொன்னேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். வேறொரு பட்டறையில் யாரோ அவருக்கு மட்டமான பிரேக் சாமானைப் போட்டு, அது ஒரே மாதத்தில் கிறீச்சிட்டதை அவர் மறக்கவில்லை. "ஸ்டீயரிங்ல வெளிப்பொருள் வேண்டாம் தம்பி. பின்னால படுத்துக்கிட்டு வாறவருக்கு ஒரு குலுக்கல்கூட ஆகாது. கம்பெனிப் பொருளே போடுங்க."

"கம்பெனிப் பொருள் நாளைக்குக் கிடைக்காது டீச்சர்."

"நாளைக்கு அவருக்கு டயாலிசிஸ்" என்றார் அவர். ஒரே வாக்கியத்தை வகுப்பில் இரண்டாம் முறை சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். கண்களில் மட்டும் அந்த நிதானம் இல்லை.

அன்று மதியம் நான் டவுனிலும் ஜங்ஷனிலும் ஒவ்வொரு உதிரிபாகக் கடையாக ஏறி இறங்கினேன். கடைசியில் ஒரு சந்துக்குள் இருந்த கடையில் கிடைத்தது. கம்பெனி டப்பா, கம்பெனி எழுத்து, மூலையில் மினுங்கும் முத்திரை. கடைக்கார அண்ணாச்சி, "ரெண்டு செட்டுதான் கெடக்கு வே. வேணும்னா இப்பவே எடும். சாயங்காலம் வந்தா இருக்காது" என்றார். பில் கேட்டேன். "பில்லு வேணும்னா வேற கடையைப் பாரும்" என்றார். டப்பாவை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். அந்த முத்திரை சாய்த்தால் நிறம் மாற வேண்டும், மாறவில்லை. கம்பெனிப் பெயரில் ஓர் எழுத்து மற்றவற்றைவிடத் தடிமனாக இருந்தது. உள்ளே இருந்த சாமானைக் கையில் எடுத்தேன். பழையதில் இரும்பிலேயே அடித்திருந்த குறி இதில் இல்லை. எல்லாவற்றையும் பார்த்தேன். இருபத்திரண்டு வருடம் இந்த வேலையைச் செய்த கண், பார்க்காமல் இருக்காது.

பிறகு ஏன் வாங்கினேன்? இந்தக் கேள்வியை எத்தனையோ விதமாக எனக்கு நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பழைய சரக்காக இருக்கும், அச்சு மாறியிருக்கும் என்று ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். இன்னொரு செட்டையும் அதே மாதிரிக் கார் வைத்திருந்த ஒரு டாக்ஸிக்காரருக்காக எடுத்துக்கொண்டேன். ஒன்றுக்கு இரண்டாக வாங்கியதில் என் சந்தேகமே பாதியாகிவிட்டதுபோல் இருந்தது. உண்மை வேறு. திரும்பிப்போய் டீச்சரிடம் வெளிப்பொருளைப் பற்றி மறுபடி பேச வேண்டும், அவர் மறுபடி மறுப்பார், மணி ஆகிக்கொண்டிருக்கிறது. அந்தப் பேச்சைப் பேசச் சோம்பல்பட்டேன். அவர் கேட்டது இந்த டப்பா. இதைக் காட்டினால் பேச்சே இருக்காது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் சொந்தக் கார் அன்று முழுவதும் பட்டறை வாசலில்தான் நின்றுகொண்டிருந்தது. அதைக் கொடுத்து, "பத்து நாள் இதில் போங்க டீச்சர்" என்று சொல்லியிருக்கலாம். அன்று எனக்கு அது தோன்றவே இல்லை.

சாயங்காலம் வேலையை முடித்து, காலி டப்பாவை டீச்சர் கையில் கொடுத்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு அதிலிருந்த பெயரைப் படித்தார். அன்றைக்குத்தான் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். "பாத்தீங்களா, தேடினா கிடைக்குதுல்லா" என்றார்.

மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிபோல, அந்த இன்னொரு செட்டை மாட்டிக்கொண்டுபோன டாக்ஸிக்காரர் பட்டறைக்குள் சத்தம்போட்டுக்கொண்டே வந்தார். "என்ன வே போட்டீரு? ஸ்டீயரிங் எம் பேச்சையே கேக்க மாட்டேங்கு." சக்கரத்தைக் கழற்றி அந்தச் சாமானை வெளியே எடுத்தேன். மேலே இருந்த ரப்பர் மூடி கிழிந்திருந்தது. உருண்டையை இரண்டு விரலால் பிடித்து அசைத்தபோது விழப்போகும் பல்லைப்போல ஆடியது. கொஞ்சம் அழுத்தி இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. கிண்ணத்துக்குள் இருந்த வெள்ளை பிளாஸ்டிக், ரஸ்க் தூளைப்போல என் உள்ளங்கையில் உதிர்ந்தது.

டாக்ஸிக்காரர் பேசிக்கொண்டே இருந்தார். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. செவ்வாய்க்கிழமை. டீச்சர் காலையில் அந்தக் காரில்தான் சாரைக் கூட்டிப்போயிருப்பார். போன் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. சிகிச்சை நடக்கும்போது கைப்பைக்குள் வைத்துவிடுவார் என்று தெரியும். திரும்பவும் அடித்தேன். பிறகு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்கு ஓட்டினேன். எங்கள் ரோட்டில் குழாய் பதிக்கத் தோண்டிப்போட்டிருந்தார்கள். மண்மேட்டில் ஏறி இறங்கி, ஆற்றுப்பாலத்தில் பஸ்களுக்கு நடுவில் புகுந்து போய்ச் சேர்ந்தேன். டயாலிசிஸ் வார்டு வாசலில் இருந்த நர்ஸ், "இன்னைக்குச் சீக்கிரம் முடிஞ்சிட்டு. இப்பத்தான் கிளம்பினாங்க. கால்மணி நேரம் இருக்கும்" என்றார். அவர் சாதாரணமாகச் சொன்னார். நான் மறுபடி வண்டிக்கு ஓடினேன்.

பாளையங்கோட்டையிலிருந்து சேரன்மகாதேவிக்கு இரண்டு வழி. மேலப்பாளையம், பத்தமடை வழியாகத் தெற்கே ஒன்று. பேட்டை வழியாக வடக்கே ஒன்று. இரண்டில் எது? செவ்வாய்க்கிழமை மேலப்பாளையத்தில் சந்தை. ஆடும் மாடும் ஏற்றிய வண்டிகளால் ரோடு அடைத்துக்கொள்ளும். டீச்சர் அந்தப் பக்கம் போகமாட்டார் என்று கணக்குப் போட்டேன். வந்த வழியிலேயே திரும்பி, பேட்டையைத் தாண்டி, சுத்தமல்லியைத் தாண்டி விரட்டினேன். எதிரே வந்த, முன்னே போன ஒவ்வொரு சின்னக் காரிலும் அவருடைய வெள்ளைத் தலையைத் தேடினேன். ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தை எட்டிப் பார்த்தேன். எங்கும் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததைப் பார்த்துக் கொஞ்சம் நம்பிக்கைகூட வந்தது. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்கள், சாருக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருப்பார் என்று மனது ஒரு படம் காட்டியது.

வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டு அம்மா, "இன்னும் வரலையே" என்றார். அந்த வாசலில் நின்றுகொண்டு மறுபடி மறுபடி போன் அடித்தேன். எத்தனை முறை என்று தெரியாது. பிறகு தெற்கு ரோட்டைப் பிடித்துத் திரும்பினேன். பேட்டை ரோடு தோண்டிக் கிடக்கிறது, அந்தக் குலுக்கலில் சாருடைய கை வலிக்கும், அதற்காகவே டீச்சர் சந்தை நெருக்கடியைப் பொறுத்துக்கொண்டு தெற்கு வழியில் போயிருப்பார் என்று எனக்கு உறைத்தது அப்போதுதான். இரண்டு முறை அந்த மண்மேட்டில் நானே ஏறி இறங்கியிருந்தேன். அப்போதுகூடப் புத்திக்கு எட்டவில்லை.

பத்தமடை வருவதற்கு முன்பே, வாய்க்காலை ஒட்டி ரோடு திரும்பும் இடத்தில் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நடவு வேலையில் இருந்த பெண்கள், கையில் சேறோடு. கார் ரோட்டைவிட்டு இறங்கி ஒரு புளியமரத்தில் இடதுபக்கமாக உரசி நின்றிருந்தது. முன்சக்கரம் ஒன்று நேராக இருந்தது. இன்னொன்று வயலைப் பார்த்து மடங்கியிருந்தது. பின்கதவு திறந்து கிடந்தது. டீச்சர் உள்ளே முழங்காலிட்டு, சாருடைய இடது கையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தார். தலையணை முழுக்க ரத்தம். சிகிச்சைக்கு ஊசி குத்துகிற கை அது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுத்திருப்பார்கள். மோதிய அதிர்ச்சியில் அந்தக் கை கதவில் இடித்து, ஊசி குத்திய இடம் திறந்துகொண்டது. டீச்சர் நெற்றியிலும் அடிபட்டிருந்தது. அதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

என்னைப் பார்த்ததும், "தம்பி, நல்லவேளை வந்தீங்க" என்றார். "கையை எடுக்க முடியல. எடுத்தா கொட்டுது. போன் வேற அடிச்சுக்கிட்டே கெடந்துது, அது சீட்டுக்கு அடியில விழுந்துட்டு. ஆஸ்பத்திரியில இருந்துதான் கூப்பிடுதாங்களோ என்னவோ. எடுக்கக் கை இல்லை."

ஏதாவது வண்டி வருகிறதா என்று பார்க்க நான் ரோட்டுக்கு ஓடினேன்.

ஒரு பெண் ஆம்புலன்சுக்குச் சொல்லியிருந்தாள், அது வரவில்லை. வாழைத்தார் ஏற்றிக்கொண்டு வந்த லோடு வண்டியை நிறுத்தினோம். டிரைவர் தார்களை ரோட்டோரத்தில் இறக்கிப்போட்டார்; அந்தப் பெண்களும் சேர்ந்து இறக்கினார்கள். சாரைத் தூக்கிப் படுக்கவைத்தோம். டீச்சருடைய விரல்கள் மரத்துப்போயிருந்தன. "நீங்க பிடிங்க, விட்டுராதீங்க" என்று இடத்தை எனக்குக் கொடுத்தார். நான் அழுத்திப் பிடித்தேன். அந்தக் கையில் இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்து ஆபரேஷன் செய்திருந்தார்கள். தோலுக்கு அடியில் எப்போதும் ஓர் அதிர்வு ஓடிக்கொண்டிருக்கும், வண்டி ஓடும்போது பானட்டில் கை வைத்ததுபோல. முன்பு ஒருநாள் சாரே என் விரலைப் பிடித்து அதில் வைத்துக் காட்டியிருக்கிறார். வண்டி பத்தமடையைத் தாண்டும்போது அந்த அதிர்வு என் கட்டைவிரலுக்குக் கீழே இருந்தது. மேலப்பாளையம் வந்தபோது அது மெலிந்துவிட்டது. சந்தைக் கூட்டத்தில் வண்டி நின்று நின்று போனது. அழுத்தத்தைக் குறைத்தால் ரத்தம் வந்தது. அழுத்தினால் அந்த அதிர்வு அடங்கியது. எதைச் செய்வது என்று யாரிடம் கேட்பது? ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது அது நின்றுபோயிருந்தது. சார் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "காருக்கு என்ன வே ஆச்சு?" என்று மெல்லக் கேட்டார்.

அவர் அன்று பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தக் கை இனி உதவாது என்றார்கள். கழுத்தில் ஒரு குழாயைச் சொருகி அதன் வழியாகச் சிகிச்சையைத் தொடர்ந்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து டீச்சரிடம் சொன்னேன்: "அந்தச் சாமான் போலி டீச்சர். இன்னொரு காரிலும் போயிட்டு. அதைப் பார்த்துட்டுத்தான் உங்களைத் தேடி ஓடிவந்தேன். போன் அடிச்சது நான்தான்."  அவர் என் தோளைத் தொட்டு, "உங்களையும் ஏமாத்திட்டாங்களே தம்பி" என்றார். ஆமாம் என்றும் நான் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்தச் சாமானை வாங்கியதைவிட அந்த வாய்மூடல்தான் என்னை இன்றும் அதிகமாக அரிக்கிறது.

மறுநாள் அந்தக் கடைக்குப் போய்க் கத்தினேன். கடைக்கார அண்ணாச்சி தராசைத் துடைப்பவரைப்போல மேசையைத் துடைத்துக்கொண்டே, "கம்பெனிப் பொருளான்னு நீரு கேட்டீரா? நான் சொன்னேனா? ரெண்டு பேரும் டப்பாவைத்தான வே பாத்தோம்" என்றார். 

அதற்குப் பிறகு மூன்று மாதம் என் காரில் நானே சாரைக் கூட்டிப்போனேன். விடிந்ததும் சேரன்மகாதேவியில் போய் நிற்பேன். டீச்சர் எனக்கென்று பிளாஸ்கில் காப்பி ஊற்றிக்கொண்டு வருவார். வழியெல்லாம் சார் கடைகளின் போர்டுகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டு வருவார். போகப்போகச் சத்தம் குறைந்தது. பிறகு படிப்பதும் நின்றது. கழுத்துக் குழாய் வழியாகக் கிருமி ஏறிக் காய்ச்சல் வந்தது. ஒருமுறை இறங்கி, திரும்ப வந்தது. அந்தக் காய்ச்சலிலேயே அவர் போய்விட்டார். அந்தக் கை நன்றாக இருந்திருந்தால் இன்னும் எத்தனை நாள் இருந்திருப்பார் என்று டாக்டரிடம் கேட்டேன். "அதை யாராலயும் சொல்ல முடியாதுங்க" என்றார். அவர் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஏதாவது ஒரு பக்கம் சொல்லியிருந்தால் நான் அதைப் பிடித்துக்கொண்டு கிடந்திருப்பேன்.

காரியமெல்லாம் முடிந்து பல நாள் கழித்து டீச்சர் பட்டறைக்கு வந்தார், பஸ்சில். கார் அதுவரை மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. அதைச் சரிசெய்து கொடுங்கள், விற்றுவிடலாம் என்றார். நான் முதலில் சொன்ன அந்த வெளித்தயாரிப்பையே வாங்கிவந்து, பில்லையும் சாமானையும் அவர் முன்னால் மேசையில் வைத்தேன். இப்போது யார் வந்தாலும் அப்படித்தான் வைக்கிறேன். இது எங்கே செய்தது, இது எனக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்று சொல்லிவிட்டுத்தான் மாட்டுகிறேன். சிலர் பயந்து வேறு பட்டறைக்குப் போய்விடுகிறார்கள். டீச்சர் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு, நான் மாட்டி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி நட்டை முறுக்கிவிட்டு எழுந்தபோது, உண்மையை மறைத்துக்கொண்டே இவர் கொடுத்த காப்பியைக் குடித்தவனாக இனிமேலும் நான் இருக்க முடியாது என்று தோன்றியது.

"டீச்சர், நான் ஏமாறலை. கடையில டப்பாவைப் பாத்தப்பவே எனக்குச் சந்தேகம் வந்துட்டு. முத்திரை சரியில்லை, இரும்புல குறியும் இல்லை. தெரிஞ்சுதான் போட்டேன்."

 திரும்ப மாட்டிய சக்கரத்தையே டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார். அழுவார் என்று நினைத்தேன், அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா" என்றார். "அன்னைக்கு இருந்த நெலமையில, பரவாயில்லை போடுங்கன்னுதான் நானும் சொல்லியிருப்பேன். வேற வழி எனக்கு இல்லை. ஆனா தெரிஞ்சிருந்தா, தம்பி, நான் பைய, மெதுவா ஓட்டிக்கிட்டுப் போயிருப்பேன்."